ராசா திருப்பிக் கேட்ட சிலுவை

ஹோர்சன்ஸ் நகரத்தில் பொன்னாடை விழாத தோள் கிடையாது. தமிழன், டேனிஷ்காரன், பஸ் ஓட்டுபவன், பல்லுப் பிடுங்குபவன், எல்லாரும் ஒரு நாளாவது பொன்னாடைக்குள் நின்று படம் எடுத்தவர்கள்தான். அத்தனை பேருக்கும் போர்த்தியவர் ஒரே மனிதர். அத்தனை பேருக்கும் போர்த்தியது ஒரே பொன்னாடை.

அதனால் அவருக்குப் பெயரே பொன்னாடை. சொந்தப் பெயர் வீட்டுக் கதவில் இருந்தது. ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடி தூக்குகிறேன். இதை எழுதச் சொன்னது என் மனுசி. "நீங்கள் எழுதாட்டி ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றாள். எழுதினாலும் நம்பமாட்டார்கள். எழுதுகிறேன்.

முதல் அதிர்ச்சி எனக்குத்தான். டென்மார்க் குடியுரிமை கிடைத்த நாள். நகரசபையில் கை குலுக்கிவிட்டு வெளியே வந்தேன். படியில் ஒருவர் பாய்ந்து வந்து என் கழுத்தைச் சுற்றித் துணியைப் போட்டார். யாரோ கழுத்தை நெரிக்கிறான் என்று நினைத்தேன்.

"சிரியும் தம்பி. படம்."

சிரித்தேன். மனுசி படம் எடுத்தாள். மாம்பழ நிறப் பொன்னாடை. சரிகைக் கரை. ஒரு மூலையில் தேத்தண்ணிக் கறை. கண் கலங்கியது உண்மை. இந்த நாட்டில் அதுவரை எனக்கு யாரும் எதுவும் போர்த்தியதில்லை, ஆசுப்பத்திரிப் போர்வையைத் தவிர.

"சரி, இனிக் கழட்டி மடிச்சுத் தாரும்."

"என்ன அண்ணை?"

"மூலைக்கு மூலை வைச்சு மடியும். பின்னேரம் வாத்தியார் ஒருத்தருக்குப் போடவேணும்."

மடித்துக் கொடுத்தேன். கலங்கிய கண் அந்த இடத்திலேயே காய்ந்துவிட்டது.

இப்படித்தான் அவர். பொன்னாடையைக் காரின் பின்பெட்டியில் வைத்திருப்பார். எங்கே மரியாதை தேவைப்படும் என்று சொல்ல முடியாதாம். "இன்னொண்டு வாங்குங்கோவன்" என்று மனுசி ஒருமுறை கேட்டாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பிள்ளை, ரெண்டு வாங்கினால் மரியாதை மலிஞ்சு போகும்."

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய வைத்தியருக்கு, வாய் நிறையப் பஞ்சோடு எழும்பிப் போய்ப் போர்த்தினார். வைத்தியர் கையில் இன்னும் பல் இருந்தது. நோயாளிக்கு மயக்கம் என்று நினைத்து இவரைப் பிடித்துக் கட்டிலில் கிடத்தினார்கள். கிடந்தபடியே, வாய்க்குள் பஞ்சோடு, மடித்துத் தரச்சொல்லிக் கேட்டாராம்.

வாகனப் பரிசோதனையில் அவருடைய ஓட்டைக் காரைப் பாஸ் பண்ணிய அதிகாரிக்கும் போர்த்தினார். அந்த மனிதன் வெளிறிப்போனான். லஞ்சம் என்று நினைத்து, தோளில் பட்டதுமே உருவி இவர் கையில் திணித்தான். பொன்னாடைக்கு அவனை நன்றாகப் பிடித்துவிட்டது. "கேக்காமலே திருப்பித் தந்த ஒரே ஆள், தம்பி. வளர்ப்பு அப்பிடி" என்றார்.

அவருக்கு மட்டும் யாரும் போர்த்தியதில்லை. ஊரில் இருந்த ஒரே பொன்னாடை அவர் கையில்தானே இருந்தது.

அவர் இருந்த மாடிக் கட்டடத்தில், அவருக்கு நேர் கீழ்வீட்டில் ஆர்னே என்றொரு நோர்வேக் கிழவர் இருந்தார். டேனிஷ்காரியைக் கட்டி இங்கே வந்து, அவள் செத்தபிறகும் இங்கேயே நின்றுவிட்டவர். மகள் இங்கிரிட் நோர்வேயில். ஆர்னே நோர்வேக் கடலோடிகளுக்காகப் பாடுபட்டவராம். என்ன பாடு என்று கேட்டால் சொல்லமாட்டார். அந்த விதத்தில் எனக்கு அவரைப் பிடிக்கும்.

மே மாதத்தில் நோர்வேயின் தேசிய நாள். அன்றைக்கு ஆர்னே கழுத்துப்பட்டி கட்டி, சின்னக் கொடியோடு பல்கனியில் தனியாக நிற்பார். ஒரு வருஷம் மேல் பல்கனியில் உடுப்புக் காயப்போட்ட பொன்னாடை குனிந்து பார்த்தார். கிழவரின் நெஞ்சில் ஏதோ மின்னியது. உடுப்பை விட்டுவிட்டுக் கீழே ஓடினார்.

அது புனித ஓலாவ் விருது. நோர்வே அரசர் கொடுப்பது. வாங்கியவர் அரசருடைய வீரர் வரிசையில் சேர்ந்துவிடுவார். வெள்ளைச் சிலுவை, மேலே ராசமுடி, சிவப்பு நாடா.

அன்று பின்னேரம் பொன்னாடை எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி. தேத்தண்ணியைத் தொடவில்லை.

"தம்பி, நடுவிலை சிங்கம்."

"எதிலை?"

"சிலுவையிலை. கையிலை கோடாலி பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"எங்கடை நாட்டுக் கொடிச் சிங்கம் வாளெல்லோ பிடிக்கிறது" என்றாள் மனுசி. "இது வேறை சிங்கம், அண்ணை."

"பாத்தால் சொந்தக்காரர் மாதிரிக் கிடக்கு, பிள்ளை. ஆனால் நான் வந்தது அதுக்கில்லை." குரலைத் தாழ்த்தினார். "மனுசன் செத்தால் அதைத் திருப்பிக் குடுக்கவேணுமாம். ராசாவிட்டை. அதுதான் சட்டமாம்."

மனுசி தேத்தண்ணியை அவர் பக்கம் தள்ளினாள்.

"கேட்டீரே? குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறவர் ஒரு ராசாவோ? எங்கடை ராசாக்கள் தேரையே காட்டிலை விட்டிட்டு நடந்து போனவை!"

மனுசி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சிரித்தால் அடங்கமாட்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதன்பிறகு அவர்கள் கூட்டாளிகள். இவருடைய டேனிஷ் கிழவருக்குப் பாதி விளங்காது. கிழவரின் நோர்வே மொழி இவருக்குப் பாதி விளங்காது. சண்டை வர வழியில்லை. வருஷம் வருஷம் அந்த நாளில் இரண்டு பேரும் பல்கனியில் நிற்பார்கள். கிழவரின் நெஞ்சில் சிலுவை, தோளில் பொன்னாடை. படம் எடுத்து முடிய இவர் கை நீட்டுவார். கிழவர் ஒழுங்காக மடித்துக் கொடுப்பார். மூலைக்கு மூலை.

கடைசி வருஷம் ஆர்னே சிலுவையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். நியாயமும் உண்மையும் என்று எழுதியிருந்தது. பிறகு தன் வீட்டுக் கதவுத் திறப்பைக் கொடுத்து, மெதுவாக, விளங்கும்படி சொன்னாராம்: "நான் செத்தால் இது போகவேண்டிய இடத்துக்குப் போகவேணும். மகளிட்டைக் குடு. நான் ராசாவுக்கு வாக்குக் குடுத்தனான்." பொன்னாடை ஓம் என்று தலையாட்டிவிட்டார்.

குளிர்காலத்தில் ஆர்னே போய்விட்டார். நித்திரையிலேயே.

இங்கிரிட் நோர்வேயில் இருந்து போன் எடுத்தாள். செத்தவீட்டுக் காரியங்களைப் பார்க்கும் பெடமான் வருவார், அப்பாவின் சாம்பல் நிறக் கோட்டைக் கொடுத்துவிடுங்கள், அவரைப் பெட்டியில் வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், சிலுவைப் பேழையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள் என்றாள். பொன்னாடை எல்லாவற்றுக்கும் "யா, யா" என்றார்.

தேவாலயத்துக்கு நானும் மனுசியும் போனோம். வாசலில் பொன்னாடை சின்னப் பேழையை இங்கிரிட்டிடம் கொடுத்தார். அவள் அதைக் கைப்பைக்குள் வைத்தாள். பாட்டுப் பாடினார்கள். பெட்டியைத் தூக்கிக் கறுப்புக் காரில் ஏற்றினார்கள். கார் எரிக்கிற இடத்துக்குப் புறப்பட்டது. இந்த நாட்டில் பெட்டியோடு கூடப் போகிற வழக்கம் பெரும்பாலும் இல்லை. எல்லாரும் கோப்பி குடிக்கப் போனார்கள்.

பொன்னாடை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

கோப்பி மேசையில் இங்கிரிட் கண்ணைத் துடைத்தாள். "அப்பா எனக்கு விட்டுப்போன கடைசி வேலை இது ஒண்டுதான். நாளைக்குக் கொண்டுபோகவேணும்" என்று பேழையைத் திறந்தாள்.

வெறும் பேழை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பொன்னாடையைப் பார்த்தேன். பொன்னாடை கேக்கைப் பார்த்தார்.

"அண்ணை, எங்கை?"

"அது... ஆர்னேயிட்டைத்தான் கிடக்கு."

"ஆர்னே எங்கை?"

"போயிட்டார்."

மனுசி வாயைப் பொத்தினாள். பெட்டியில் வைத்தபோது பெடமான் பூ எடுக்கப் போன நேரம், இவர் சிலுவையைக் கிழவரின் நெஞ்சில் குத்தி, கோட்டை மேலே இழுத்துப் பூட்டிவிட்டிருக்கிறார். எங்கள் சனத்துக்குச் சவம் வீட்டை விட்டு வெளிக்கிட்டால் அடுத்தது நெருப்புத்தான். கறுப்புக் கார் போய் எவ்வளவோ நேரம்.

இங்கிரிட் பெடமானுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. சவத்தோடு போகும்போது எடுக்கமாட்டாராம்.

"ஏறுங்கோ" என்றேன். மனுசி கோப்பிக்கு வந்த சனத்தோடு நின்றுவிட்டாள்.

நான் பிணத்துக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். துரத்தியது அன்றைக்குத்தான். இங்கிரிட் பின் சீட்டில். கையில் கேக் தட்டு அப்படியே. பொன்னாடை முன்னால். மடியில் பொன்னாடை.

"என்ன செய்தனீங்கள், அண்ணை? நீங்கள் அந்தாளுக்கு ஓம் எண்டு சொன்னனீங்களெல்லோ?"

"சொன்னனான் தம்பி. ஆனால் செத்த மனுசன்ரை நெஞ்சிலை இருந்து கழட்டுறதோ? என்ரை கையாலையோ? அந்தாள் வெறும் நெஞ்சோடை போறதோ?"

"பின்பக்கத்திலை உண்மை எண்டு எழுதியிருந்ததே."

"அது பின்பக்கம்தானே. நான் சிங்கம் தெரியத்தான் குத்தினனான்."

"அவர் என்ன சொல்லுறார்?" என்று இங்கிரிட் பின்னால் இருந்து டேனிஷில் கேட்டாள்.

"கவலைப்படுகிறார்" என்றேன்.

அவள் அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அது எங்கடை இல்லை. அடுத்த ஆளுக்குப் போகும். தனக்கு முதல் ஆரோ ஒரு ஆள் அதைப் போட்டிருப்பார் எண்டு அப்பா சொல்லுவார். அந்த ஆளை நினைச்சுத்தான் நிமிர்ந்து நிக்கிறவராம்."

பொன்னாடை அவளைத் திரும்பிப் பார்த்தார். இதுதான் அவருக்கு வந்த பெரிய அதிர்ச்சி.

"தம்பி, அப்ப ராசா, முந்தி ஆரோ பாவிச்ச சாமானையோ குடுக்கிறவர்?"

நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. ஆனால் அன்றைக்கு வாய் தானாகத் திறந்தது.

"அண்ணை, நீங்கள் படம் எடுத்த உடனை திருப்பி வாங்குறனீங்கள். ராசா ஆள் சாகுமட்டும் பொறுக்கிறார்."

அவர் மடியில் இருந்த துணியைப் பார்த்தார். தேத்தண்ணிக் கறையை விரலால் தேய்த்தார். அது போகாத கறை.

"ஓம்" என்றார் கடைசியில். "கொஞ்சம் வேகமா விடும்."

எரிக்கிற இடத்து முற்றத்தில் கறுப்புக் கார் நின்றது. பக்கத்தில் பெடமான் நின்று பாண் துண்டொன்றைத் தின்றுகொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் பாய்ந்து இறங்கியதைக் கண்டதும் பாண் அவர் கையிலிருந்து விழுந்தது.

"எரிச்சாச்சோ?" என்று பொன்னாடை கத்தினார்.

"இண்டைக்கோ?" என்றார் பெடமான். "இல்லையே. வரிசை கிடக்கு. அடுத்த கிழமைதான்."

இங்கிரிட் சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். பிறகுதான் அழுதாள். பொன்னாடை என் காதுக்குள் சொன்னார்: "இந்த நாட்டிலை செத்த பிறகும் வரிசையோ, தம்பி?"

உள்ளே ஒரு சின்ன அறையில் பெடமான் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினார். ஆர்னே ஒன்றும் நடக்காத மாதிரிக் கிடந்தார். இங்கிரிட் சிலுவையைக் கழற்றக் கை நீட்டி, நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பொன்னாடை முன்னுக்குப் போனார். தான் குத்தியதைத் தானே கழற்றினார். பேழையில் வைத்து, மூடி, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். அவர் அப்படிக் குனிந்து கொடுத்ததை நான் முன்பு கண்டதில்லை.

பிறகு பொன்னாடையை விரித்து ஆர்னேயின் தோளில் இருந்து நெஞ்சு மறையப் போர்த்தினார்.

பெடமான் துணியைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன துணி? கண்டதையும் எரிக்கேலாது."

"பட்டு" என்றார் பொன்னாடை.

பட்டு இல்லை. எனக்குத் தெரியும். என் தோளிலும் கிடந்த துணிதானே. நான் வாய் திறக்கவில்லை.

படம் எடுக்கவில்லை. இப்போது கை நீளும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நீளவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மூடுங்கோ" என்றார்.

சிலுவை நோர்வேக்குப் போய்ச் சேர்ந்ததாக இங்கிரிட் போன் எடுத்துச் சொன்னாள்.

அடுத்து வந்த பொங்கல் விழாவுக்குப் பொன்னாடை வெறுங்கையோடு வந்தார். பின்வரிசையில் இருந்தார். "எங்கை அண்ணை சாமான்?" என்று சனம் கேட்டது. "குடுத்திட்டன்" என்றார். ஒருவரும் நம்பவில்லை. பெயர் மட்டும் மாறாமல் இருந்தது. துணி இல்லாத பொன்னாடை.

புரொண்பி நகரத்தில் இருக்கிற மச்சாளிடம் சொல்லி மனுசி புதிதாக ஒன்று எடுப்பித்திருந்தாள். மேடையில் யாருக்கோ கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பின்வரிசைக்குப் போய், பின்னாலிருந்து அவர் தோளில் போர்த்தினேன். அவர் துள்ளி எழும்பினார். கழுத்தை நெரிக்கிறான் என்று நினைத்திருப்பார்.

"சிரியுங்கோ அண்ணை" என்றாள் மனுசி.

சிரித்தார். படம் எடுத்து முடிந்தது. அவர் பொன்னாடையைக் கழற்றினார். மூலைக்கு மூலை வைத்து, கரை பிசகாமல் மடித்து, என்னிடம் நீட்டினார்.

"இந்தாரும் தம்பி. அடுத்தது ஆருக்கு?"

"வைச்சிருங்கோ அண்ணை" என்றேன். "இதை ஒருத்தரும் திருப்பிக் கேக்கமாட்டினம்."