பாதிக் கூலிக்கு ஓர் ஆள்

மர்கிலான் கடைத்தெருவில் தேநீர்க்கடை நடத்தும் தோஹிர், புலாவில் இறைச்சித் துண்டுகளை எண்ணிப் போடுபவர். ரசீது இயந்திரத்தையோ துணி போர்த்தித் துயில விடுபவர். ரசீது இல்லையேல் விற்பனை வரியும் இல்லை என்பது அவர் சித்தாந்தம். இருமுறை பிடிபட்டாயிற்று, மூன்றாம் முறை அகப்பட்டால் கடையைப் பூட்டி முத்திரையிட்டுவிடுவார்கள். ஆயினும், பாத்திரம் துலக்க ஓய்குல் என்னும் பெண்மணி பாதிக் கூலிக்கே கிடைத்த இந்த நான்கு நாட்களாக அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று நண்பகல் சமையற்காரர் ஸோபிர் ஓடி வந்தார்.

"அகா, வரி ஆபீஸ் ஆள் மாறுவேஷத்துல வந்திருக்காராம். அந்தத் தோல்பைக்காரரு நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டே இருக்காரு பாருங்க."

தோஹிர் துணியை உருவினார். தோல்பைக்காரருக்கு ரசீது நீட்டினார். அவர் மேலும் எழுதினார். தோஹிர் ஒரு கரண்டி இறைச்சியை அவர் தட்டில் கூடுதலாகக் கவிழ்த்தார். அடுத்த பலகையில் அமர்ந்திருந்த தச்சர் அதைக் கண்டுவிட்டார்.

"என்னப்பா தோஹிர், அவரு ஆட்டைத் திங்கறாரு; நாங்க அரிசிக்குள்ள ஆட்டைத் தேடுறோம். ரசீதும் அவருக்கு மட்டுந்தானா?"

நாற்பது தட்டுகளில் இறைச்சி விழுந்தது. நாற்பது ரசீதுகள் கிழிந்தன. ஒரு மாதச் சிக்கனம் ஒரு வேளையில் ஆவியாயிற்று.

"ஆளைக் கிளப்பு, ஸோபிர். கிண்ணம் நிறைய ஊத்து."

மதிப்புக்குரியவருக்கு ஒரு வாய்த் தேநீரே ஊற்றுவது மர்கிலான் வழக்கம்; தளும்ப ஊற்றினால் 'எழுந்து போ' என்று பொருள். வெளியூர்க்காரர் அதை அறிந்தாரில்லை.

"எங்க ஊர்ல இவ்வளவு தாராளம் கிடையாதுங்க," என்று காலணியைக் கழற்றிவிட்டுத் திண்டில் சாய்ந்தார்.

தோஹிர் பொறுமையிழந்தார். "ஐயா, நீங்க வரி ஆபீஸுங்களா?"

"நானா? பறவை பாக்கறவன். உங்க கூண்டுக் காடை எத்தனை தரம் கத்துதுன்னு குறிச்சுக்கிட்டிருக்கேன்."

தோஹிர் தலையில் கைவைத்து அமர்ந்தார். "போச்சு. அத்தனை கறியும் வீண்."

"வீண் இல்ல, அகா." ஓய்குல் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நாலு நாளா ஒருத்தியா கழுவுனதுல தலை தூக்க நேரமில்ல. இன்னிக்குத்தான் எட்டிப் பாத்தேன். எல்லார் கையிலயும் ரசீது." மேலங்கிப் பையிலிருந்து வரி அலுவலக அட்டையை எடுத்துக் காட்டினாள். "கடைக்கு வைக்கக் கொண்டாந்த முத்திரையைத் திருப்பிக் கொண்டு போறேன்."

"நீ... நீங்களா?"

"மீதிக் கூலியை வேற எடத்துல வாங்கறவளைத் தவிர, பாதிக் கூலிக்கு எவ வருவா, அகா?"

தோஹிர் ஒரு வாய்த் தேநீர் மட்டும் ஊற்றி, இடக்கையை நெஞ்சில் வைத்து, வலக்கையால் நீட்டினார்.

"அடுத்து வர்றவளுக்கு முழுக் கூலி," என்றார்.