நாவல் மரத்துக்கு அளவெடுத்த டெய்லர்

இந்த மரத்தைச் சாய்த்துவிட்டுத்தான் இனிமேல் ஊசியில் நூல் கோர்ப்பது என்று டெய்லர் சபதம் போட்டபோது அவர் கையில் ஊசி இல்லை. ஒரு வாளித் தண்ணீரும் கிழிந்த பனியனும்தான் இருந்தன. எதிரே, மரத்தடியில், நேற்று வாங்கிய கார். பல கை மாறி வந்ததுதான் என்றாலும் வெள்ளை கார். அதாவது, நேற்று வரைக்கும் வெள்ளை. ராத்திரி ஷிப்டில் வௌவால்களும் விடிகாலை ஷிப்டில் கிளிகளும் நாவல் பழம் தின்றுவிட்டு, அதை ஊதாப் புள்ளி போட்ட சீட்டித் துணியாக மாற்றி வைத்திருந்தன.

"இது எச்சம் இல்லடி, அச்சு! சாயப்பட்டறையிலகூட இவ்வளவு கெட்டியா ஏறாது!"

சமையல்கட்டு ஜன்னலில் டெய்லரம்மாவின் முகம் தெரிந்தது. "கார் வாங்கினீங்கல்ல? பாவம், அதுங்களால முடிஞ்ச மொய்யை எழுதிட்டுப் போயிருக்குங்க. ஒரு நன்றி சொல்லுங்க."

"சொல்றேன். ரம்பத்தால சொல்றேன்."

"மரம் போச்சுன்னா மத்தியான வெயில் நேரா வந்து என் அடுப்புமேல உக்காரும். உலை கொதிக்கிறதுக்கு முன்னாடி நான் கொதிச்சிடுவேன்."

"ஃபேன் போட்டுக்க."

பேச்சு முடிந்தது என்று டெய்லர் நினைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து, முடிந்தது என்று அவர் நினைத்த பேச்செல்லாம் அந்த இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது.

மரம் வெட்டுகிறவர் வந்தார். ரம்பத்தைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"அனுமதி வாங்கிட்டீங்களா?"

"என் வீடு, என் மண்ணு, என் மரம். எதுக்குய்யா அனுமதி?"

"மரத்துக்கு நகராட்சிச் சட்டம்தாங்க. உங்க சட்டம் உங்க வீட்டுக்குள்ளயே செல்லாதுன்னு கேள்வி." போய்விட்டார்.

டெய்லர் பொங்கிக்கொண்டு நகராட்சிக்குக் கிளம்பினார். டெய்லரம்மாவும் கூடவே கிளம்பினாள். அங்கே வாசலில் பெரிய அறிவிப்புப் பலகை. டெய்லர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தார்: சொந்த நிலத்து மரமே ஆனாலும், தரையிலிருந்து நெஞ்சுயரத்தில் சுற்றளவு நாற்பது அங்குலத்தைத் தாண்டினால் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது.

"அவ்வளவுதானே? வா போகலாம்."

"செருப்பு வார் கழண்டுக்கிச்சு. நீங்க முன்னால போங்க, வந்துடறேன்." பலகைக்கு அடியில் குனிந்தவள் நிமிர ரொம்ப நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மரத்தைச் சுற்றினார் டெய்லர். நாற்பத்து நாலு.

"நாலே நாலு இஞ்ச்! எத்தனை ஜாக்கெட்டுல, எத்தனை சட்டையில பிடிச்சிருக்கேன்! இந்த மரத்துல பிடிக்க முடியாதா?"

மதில் சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது. அது பக்கத்து வீட்டு ரிட்டையர்டு கண்டக்டருடையது. பஸ்ஸை விட்டு இறங்கி வருஷங்களாகியும் குரல் இன்னும் இறங்கவில்லை. "மரத்தை வெட்டப் போறீங்களாமே? என் மொட்டை மாடிக்கு இருக்கிற ஒரே நிழலு சார் அது! கொஞ்சம் தள்ளி யோசிங்க, தள்ளி யோசிங்க!"

டெய்லர் தள்ளி யோசிக்கவில்லை, மேலே பார்த்து யோசித்தார். அவர் தலைக்குச் சற்று மேலே மரம் மூன்று கிளையாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றும் ஒல்லி. எதுவும் முப்பதைத் தாண்டாது. நெஞ்சை அங்கே கொண்டுபோக முடியாது. ஆனால் தரையைத் தூக்கலாமே! மரத்தைச் சுற்றி மண்ணைக் கொட்டி முழங்காலுக்கு மேலே மேடு போட்டுவிட்டால், நெஞ்சுயரம் கிளை பிரியும் கவைக்கு மேலே போய்விடும். ஒரு குண்டு மரம் மூன்று ஒல்லி மரமாகிவிடும். அப்புறம் எதற்கு அனுமதி?

டெய்லரம்மா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ கன்னத்தில் கை வைத்து, "உங்க மூளையே மூளை!" என்றாள். "மண்ணு? தையல் ரூமுக்குப் பக்கத்துல அந்த மூலையில தோண்டுங்களேன். அங்கதான் மெத்து மெத்துன்னு இருக்கும்."

எதிரி சரணடைந்த சந்தோஷத்தில் டெய்லர் தோண்டினார், சுமந்தார், கொட்டினார். டெய்லரம்மா தண்ணீர் கொண்டுவந்தாள், முதுகு தடவினாள், "இன்னும் ஒரு சாண் ஆழமா... ஓரத்தை நேரா வெட்டுங்க" என்று வழிகாட்டினாள். மேட்டுக்கு ஓரம் எதற்கு நேராக இருக்க வேண்டும் என்று டெய்லர் கேட்கவில்லை. குழியைத்தான் சொல்கிறாள் என்றும் தோன்றவில்லை. மற்ற நேரமெல்லாம் தையல் ரூமில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. தலையணை உறையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மரம் வெட்டுகிறவர், அனுமதி வேண்டாம் என்று நகராட்சி அதிகாரி வாயால் கேட்காமல் ரம்பத்தைத் தொடமாட்டேன் என்றதால் அதிகாரியும் வந்தார். அந்த அம்மாள் சட்டம் பேசினால் அது ஒரே வாலோடுதான் முடியும்.

"இந்த மேடு எப்பவும் இருக்கிறதா? புதுசா போட்டதுன்னா அளவை ஏமாத்தினதுக்கு அபராதம், புரியுதுங்களா?"

"புதுசா? எங்கப்பா தவழ்ந்த மேடு மேடம் இது!"

வீட்டுக்குள்ளே யாருக்கோ புரையேறியது.

அதிகாரி மேட்டில் ஏறி நின்று மூன்று கிளைகளையும் அளந்தார். இருபத்தெட்டு. இருபத்தேழு. இருபத்தாறு. டெய்லர் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"ஆக எண்பத்தொண்ணு, புரியுதுங்களா?"

"எ... எப்படி மேடம்?"

"நெஞ்சுயரத்துக்குக் கீழயே கிளை பிரிஞ்சா, எல்லாக் கிளையையும் கூட்டித்தான் சுற்றளவு. பலகையில அடுத்த வரியே அதுதான். எண்பதைத் தாண்டினா பெருமரம். நல்லா இருக்கிற பெருமரத்துக்கு வெட்ட அனுமதியே கிடையாது, புரியுதுங்களா?"

புரிந்தது. சும்மா விட்டிருந்தால் நாற்பத்து நாலு. மனுப் போட்டால் அனுமதி கிடைத்தாலும் கிடைத்திருக்கும். இரட்டிப்பாக்கியது அவருடைய மண்வெட்டி.

"மேடம், வேணும்னா மேட்டை எடுத்துட்டு ஒரு தடவை..."

"ஐயோ!" டெய்லரம்மா ஓடி வந்தாள். "மாமா தவழ்ந்த மேட்டையா எடுக்கப் போறீங்க?"

அதிகாரியின் பேனா நின்றது. "பழைய மேடுதானே?"

"பழசு மேடம்," என்றார் டெய்லர். "ரொம்ப... ரொம்பப் பழசு."

"இவ்வளவு பெரிய மரத்தைக் காப்பாத்தி வெச்சிருக்கீங்க. நகராட்சி சார்புல ரொம்ப நன்றி."

"என் மாடி சார்புல நானும் நன்றி சொல்றேன் சார்! ரைட், போகலாம்!" என்றது மதில் சுவர்.

"என் சார்புலயும்," என்றாள் டெய்லரம்மா, தலையைக் குனிந்துகொண்டு. குனிந்தால்தான் சிரிப்பு தெரியாது.

மரத்தைக் கொல்லப் போனவருக்கு இத்தனை நன்றி இதுவரை கிடைத்ததில்லை.

சாயங்காலம் மழை கொட்டியது. எப்போதும் போல முற்றத்துத் தண்ணீர் தையல் ரூமுக்குள் புகும் என்று மெஷினைத் தூக்க ஓடினார் டெய்லர். தண்ணீர் வந்தது. மூலையில் திரும்பியது. அவர் தோண்டிய குழிக்குள் குடுகுடுவென்று இறங்கிப் போனது. தையல் ரூமில் ஒரு சொட்டு இல்லை.

"ஒவ்வொரு மழைக்கும் கேட்டேன், அங்க ஒரு குழி வெட்டிக் குடுங்கன்னு. இடுப்பு வலின்னீங்க."

"அப்ப வலிக்கல. சும்மா சொன்னேன். இப்பதான் வலிக்குது."

மறுநாள் மத்தியானம் வெயில் கொளுத்தியது. வெட்டுமேசையில் விரித்திருந்த பட்டுத் துணியின்மேல் நாவல் இலைகளின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. தையல் ரூம் ஜன்னலும் அடுப்பங்கரை ஜன்னல் பார்க்கிற பக்கம்தான் பார்க்கிறது என்பது டெய்லருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் ஒரு துணிகூட வெளிறியதில்லையே, யார் புண்ணியம்? மரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நெஞ்சு நிறைந்துபோனது.

"நன்றிடி. நெசமாத்தான் சொல்றேன்."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

"எல்லாம் சரி. காருக்கு என்னடி வழி?"

"ஏங்க, நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"இது என்ன கேள்வி? டெய்லர்."

"ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறீங்க. அதுக்கு ஒண்ணு தைக்கலாம்னு தோணலையே!"

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய மூட்டையை இழுத்தாள். கெட்டித் திரைத்துணியில் தைத்த உறை. நல்ல அடர் ஊதா. எது விழுந்தாலும் தெரியாது.

டெய்லர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நீ பாட்டுக்குத் தைச்சிருப்ப. காருக்குத் தைக்கிறதுன்னா சும்மாவா? குறைஞ்சது நாலு இஞ்சாவது பிடிக்க வேண்டியிருக்கும்."

உறையைக் காருக்கு மாட்டினார்கள். டெய்லர் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார்.

அரை இஞ்ச்கூடப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.