கொடியசைப்பு விழாவில் கழுதையின் வரவேற்புரை

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு கழுதை அரசாங்க அறிவிப்பாளராக வேலை பார்த்துவந்தது. தற்காலிக வேலைதான். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். இப்போதுதான் ஒருவழியாகப் பணி நிரந்தர ஆணை தயாராகி, செயலாளர் நரியின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் காட்டுக்குப் போர் வந்தது.

ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. அதில் ஒரே ஒரு நாவல் மரம். அது எங்களுடையது என்றது இக்கரைச் சிங்கம். அக்கரைச் சிங்கமும் அதையேதான் சொன்னது. இரண்டு சிங்கமும் பிறந்ததிலிருந்து நாவல் பழத்தை வாயில் வைத்ததில்லை. இருந்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? சிங்கத்தின் மானம் போனால் முயல்தானே போய் மீட்டு வர வேண்டும்! படையில் சேர விண்ணப்பப் படிவம் அச்சாயிற்று. பெயர், இனம், ஓடும் வேகம் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருந்தது. சம்மதமா என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. புலிக்கும் சிறுத்தைக்கும் மேற்பார்வைப் பணி. முன்வரிசைக்கு முயல், மான், ஆடு.

போன போரிலும் இப்படித்தான். அப்போது இருநூற்று நாற்பது பெயரை ஒலிபெருக்கியில் வாசித்து அனுப்பிவைத்தது மாசிலாமணிதான். போர் முடிந்ததும், "ஐயா, திரும்பி வந்தவங்க பட்டியல் எங்க?" என்று நரியிடம் போய்க் கேட்டது.

"வாசிக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்லப்பா," என்றது நரி.

அன்றைக்கு விட்டது கழுதைக்குத் தூக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாய் தன்னுடைய வாய் என்ற வெட்கம் அதைப் பிடுங்கித் தின்றது. இந்த முறை நூற்றுப் பன்னிரண்டு பெயர். வெள்ளிக்கிழமை காலை கொடியசைப்பு விழா. வரவேற்புரை வழக்கம்போல மாசிலாமணி.

வியாழன் சாயங்காலம் அது மனைவி கோமளத்திடம் விஷயத்தை உடைத்தது.

"நாளைக்கு மேடையில போர் வேண்டாம்னு சொல்லப்போறேன்."

கோமளம் மெல்லுவதை நிறுத்தியது. "ஆர்டர் கைக்கு வர்ற நேரத்துலயா? பதினோரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தீங்க, இன்னும் பத்து நாள் இருக்கக் கூடாதா?"

"பத்து நாள்ல அதுங்க செத்துடும் கோமளம். நூத்திப் பன்னெண்டு பேரும் எனக்கு மனப்பாடம்."

"சரி, சொல்லிட்டு வாங்க. வேலை போனா என்ன, நமக்குக் குட்டிச்சுவர் இருக்கவே இருக்கு," என்றது கோமளம். "ஆனா வெறும் வயித்தோட போகாதீங்க. பசியில உங்க குரல் இன்னும் மோசமா இருக்கும்."

மறுநாள் மேடை நிறைந்து வழிந்தது. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் சிங்கம் கொடியசைத்து, படை ஆற்றில் இறங்கிவிட வேண்டும் என்று ஜோசியர் ஆந்தை நேரம் குறித்துக் கொடுத்திருந்தது. சரியாகப் பத்து மணிக்கு நரி கழுதையின் காதருகே வந்தது.

"ரெண்டே நிமிஷம். வரவேற்றுட்டு இறங்கிடணும். தவளைதான் தன் வாயால கெடும்பாங்க, நீ அதை மிஞ்சிடாத."

மாசிலாமணி மைக் முன்னால் போய் நின்றது. எதிரே வெயிலில் நூற்றுப் பன்னிரண்டும் வரிசையாக நின்றன. போர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தது.

"மாட்சிமை தாங்கிய காட்டரசர் அவர்களே!" என்று வந்தது.

பதினோரு வருஷப் பழக்கம், வேறென்ன வரும்? ஒருவரை விளித்துவிட்டு இன்னொருவரை விட முடியுமா? "சேனாதிபதி எருமை அவர்களே! செயலாளர் நரி அவர்களே! மேற்பார்வையாளர் புலி அவர்களே!" இந்தப் பெயரோடு நிறுத்திவிட்டுச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தது. ஒவ்வொரு முறையும் பயம் அடுத்த பெயரை எடுத்துக் கொடுத்தது. கீழேயிருந்து துண்டுச் சீட்டுகள் வேறு வந்தபடி இருந்தன. பந்தல் போட்ட கரடியை விட்டாயிற்றாம். மைக்செட் கொடுத்த குரங்கை விட்டாயிற்றாம். தன் பெயர் வரவே வராது என்று முடிவு கட்டிய காட்டுப்பன்றி விருட்டென்று எழுந்து மேடையை விட்டு இறங்கியது. அதைச் சமாதானப்படுத்த அமைச்சர் ஓநாய்கள் இரண்டு பின்னாலேயே ஓடின.

மாசிலாமணிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சீ, இதுக்கா நேத்து கோமளத்துக்கிட்ட அப்படி வீராப்பு பேசினேன் என்று நொந்துகொண்டது.

அப்போது ஆந்தை நரியிடம் பதறுவது மைக்கில் கேட்டது. "பத்தேகால் ஆச்சுய்யா! இவன் முடிக்காம எப்படிக் கொடியசைக்கிறது?"

கழுதைக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தான் பேசுகிறவரை ஒரு முயல்கூட ஆற்றில் இறங்க முடியாது. மேடையில் ஆள் தீர்ந்துவிட்டது. அதனால் என்ன? மைதானத்தில் இருக்கிறார்களே!

"முதல் வரிசையில் வீற்றிருக்கும் முயல் பொன்னுரங்கம் அவர்களே!"

பொன்னுரங்கம் பின்னால் திரும்பிப் பார்த்தது. யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று நினைத்தது. தன்னைத்தான் என்று தெரிந்ததும் காதை நீவிவிட்டுக்கொண்டு நாலு பக்கமும் கும்பிட்டது.

"மூன்று குட்டிகளை வீட்டில் விட்டு வந்திருக்கும் ஆடு வேலாத்தாள் அவர்களே! மான் அஞ்சலாட்சி அவர்களே!"

நரி கழுதையின் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. "எங்க பேரு இன்னும் வரல!" என்று மூன்றாம் வரிசை கூச்சல் போட்டது. நரி மைக்கின் ஒயரைப் பிடுங்கியது. கழுதைக்கு எதற்கு மைக்? ஆறு தாண்டி அக்கரைக்கும் கேட்கிற மாதிரி நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தது. மணி பத்து முப்பத்திரண்டு. ஆந்தை தலையில் இறக்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ராகு காலத்தில் கொடியைத் தொடச் சிங்கத்துக்குத் துணிச்சல் இல்லை.

"ஆகவே, போர் வேண்டாம். நன்றி, வணக்கம்," என்று மாசிலாமணி உரையை முடித்தது. அதற்குள் மேடை மொத்தமும் பந்திக்குப் போயிருந்தது.

திங்கட்கிழமை வேலை போயிற்று. போருக்கு எதிராகப் பேசியதற்காக அல்ல; அது எந்த அதிகாரியின் காதிலும் விழவில்லை. காட்டுப்பன்றி அவர்களின் பெயரை விட்ட குற்றத்துக்காக. கோமளம் உத்தரவைப் படித்தது. "போர் வேண்டாம்னு சொன்னதுக்காகன்னாவது எழுதியிருக்கக் கூடாதா, பாவிங்க!" என்று அழுதது. அழுதுகொண்டே அந்தக் காகிதத்தைத் தின்றது.

அடுத்த நல்ல நேரம் புதன்கிழமை. முயலும் மானும் ஆடும் குறித்த நேரத்துக்கு வந்தன. ஆனால் வரிசையில் நிற்கவில்லை. நேரே மேடையேறி நாற்காலி கேட்டன.

"கீழ எறங்கி நில்லுங்கய்யா!" என்று நரி கத்தியது.

"அவர்களேன்னு சபையில கூப்பிட்டாச்சு, இனிமே எப்படி எறங்குறது? ஊர் சிரிக்காதா?" என்றது பொன்னுரங்கம். "நாங்க வழியனுப்பி வைக்க வந்திருக்கோம். போறவங்க எங்க?"

எல்லோரும் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஈ காக்கை இல்லை. சிங்கம் மெல்லப் புலியைப் பார்த்தது. புலிக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்தது. அன்றைய விழா சாப்பாட்டோடு முடிந்தது.

நீதி: போரை நிறுத்த வேண்டுமானால், போகப்போகிறவர்களுக்கெல்லாம் மேடையில் நாற்காலி போட்டுவிடு, நாற்காலியில் இருப்பவர் எழுந்து போருக்குப் போனதாக எந்தக் காட்டிலும் கதை கிடையாது.