ரிஜெக்ட் சீட்டின் மூன்றாவது கட்டம்

யாரையும் பாராட்டுவதில்லை. இது என் கொள்கை. பாராட்டினால் வேலை கெட்டுப்போகும்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கியர் கம்பெனி. முப்பத்துநாலு வருஷம் அங்கே தரப் பரிசோதனை. என் மேஜையைத் தாண்டாமல் ஒரு பல்சக்கரமும் வெளியே போனதில்லை. பெயர் நாராயணப்பன். கம்பெனியில் வேறு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத முடியாது.

ரிட்டயர் ஆனேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. வீட்டில் பரிசோதிக்க என்ன இருக்கிறது? தோசைதான். கம்பெனியில் கியர் அளக்கும் வெர்னியர் அளவுகோலை எடுத்து விட்டத்தை அளந்தேன். முதல் தோசைக்கும் இரண்டாவது தோசைக்கும் பதினொரு மில்லிமீட்டர் வித்தியாசம். சொன்னேன். என் மனைவி மாதேஸ்வரி கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டாள். சமையலறைப் பரிசோதனை அன்றோடு முடிந்தது.

அப்புறம்தான் வலைப்பூக்கள் மேல் கண் விழுந்தது. ஊரில் ஆளாளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். ரோஜாத் தோட்டக்காரர் ஒன்று. ஷிப்ட் முடிந்து வந்த ஃபிட்டர் ஒன்று. ஜூஜுவாடி லாரி புக்கிங்காரர் ஒன்று. எவரும் எவரையும் திட்டுவதில்லை. கீழே 'அருமை', 'அற்புதம்', ஒரு கைகூப்பு. இப்படி இருந்தால் தரம் எங்கிருந்து வரும்?

நான் ஒன்று தொடங்கினேன். பெயர் 'தரச் சோதனை'. பத்து நாளைக்கு ஒரு தளம். எழுத்து எப்படி, வடிவமைப்பு எப்படி என்று பார்ப்பேன். கடைசியில் ஒரு சீட்டு. பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட். இரண்டு வருஷத்தில் எழுபது தளம் பார்த்தேன். பாஸ், பூஜ்யம்.

என் வாசகர்கள் மூன்று பேர். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தினமும் ஐந்து முறைதான் எண்ணிப் பார்ப்பேன்.

இந்த வருஷம் எங்கள் எல்லையோர வாசகர் வட்டம் ஒரு போட்டி வைத்தது. சிறந்த சொந்த வலைப்பூவுக்குச் சால்வை. எழுத்துக்கு ஐம்பது மார்க், வடிவமைப்புக்கு ஐம்பது. வட்டத்துக்குச் செயலாளர் என் பக்கத்து வீட்டு லால் பாஷா. என்னோடு டூல் ரூமில் இருந்தவர்.

'தரச் சோதனை'யை அனுப்பினேன். சால்வை எனக்குத்தான். சந்தேகமே இல்லை. முப்பத்துநாலு வருஷத்தில் கம்பெனியில் எவனும் எனக்கு ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை. ரிட்டயர்மென்ட் அன்றைக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதுவும் நாலு நிமிஷம் ஸ்லோ. எனவே இந்தச் சால்வை எனக்கு வேண்டும். வேறொருவர் தோளில் அதைப் பார்க்க மாட்டேன்.

ஒருநாள் காலை. நாஷ்டாவுக்கு உட்கார்ந்தேன். என் தட்டு வைக்கும் இடத்தில் மாதேஸ்வரியின் டேப்லெட். திறந்து கிடந்தது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து.

'எங்க வீட்டு இன்ஸ்பெக்டர்.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். தோசை, வெர்னியர், பதினொரு மில்லிமீட்டர். எல்லாம் இருந்தது. நான் குளியலறைக் குழாய் சொட்டுவதை நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணியது இருந்தது. தளிக்குப் போன பஸ்ஸில் கண்டக்டரின் டிக்கெட் கிழிசல் நேராக இல்லை என்று நான் சண்டை போட்டதும் இருந்தது. வாசகர் எண்ணிக்கை பார்த்தேன். நாலாயிரத்து இருநூறு.

அடுப்படியில் பாத்திரம் சத்தம் கேட்டது. டேப்லெட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே நடந்தேன். லால் பாஷா வாசலில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், 'எங்க வீட்டு இன்ஸ்பெக்டர்'னு ஒரு ப்ளாக் தெரியுமா?"

"தெரியாம? போட்டிக்கு வந்திருக்குதே. எங்க வீட்டுக்காரி அதியா அதப் படிச்சிட்டு சிரிச்ச சிரிப்புல பால் பொங்கி ஸ்டவ்வு அணைஞ்சி போச்சி."

"யாரு எழுதறது?"

"பேரு போடல. யாரோ ஒரு அம்மா. பாவம், புருஷன் ஒரு மாதிரியான ஆளு போல." ஸ்கூட்டர் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார். "ஏன் நாராயணப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"வெயில்."

"மணி எட்டுதானே ஆவுது?"

வீட்டுக்குத் திரும்பினேன்.

திட்டம் போட்டேன். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும். யாரோ ஒரு தளம் என்று 'தரச் சோதனை'யில் எடுத்து, பல் பல்லாகக் கழற்றிவிடுவேன். நடுவர்களுக்கும் அனுப்புவேன். அவள் என் தளத்தைப் படிக்கிறவள் இல்லை. இரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உட்கார்ந்தேன். எழுதினேன். பின்னணி நிறம்: காமாலைக்காரன் தக்காளிக் கூடையைச் சுமந்து நிற்பது போல. படம்: தட்டில் இருப்பது தோசையா, பௌர்ணமியா? ஆச்சரியக்குறி: ஒரே பதிவில் நாற்பத்தொன்று, எண்ணினேன். வாக்கியம்: ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் கிருஷ்ணகிரி டோல்கேட் வரை எங்கும் நிற்பதில்லை.

மொத்தம் பதினொரு குறை. முடிவு, ரிஜெக்ட்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனி ரிஜெக்ட் சீட்டில் மூன்று கட்டம். குறை, காரணம், திருத்தம். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் சீட்டு செல்லாது. மேனேஜர் என் முகத்திலேயே எறிவார். முப்பத்துநாலு வருஷம் அப்படியே எழுதிய கை. குறையோடு நிறுத்தச் சொன்னால் நிற்குமா?

எழுதிவிட்டது. பின்னணி வெள்ளை ஆக்குக. எழுத்து கருப்பு. படம் காலை ஒன்பதுக்குள் ஜன்னல் ஓரம் வைத்து எடுக்க, பிளாஷ் கூடாது. பதிவுக்கு ஒரு ஆச்சரியக்குறி, அதற்கு மேல் வேண்டாம். வழியில் சூளகிரியில் ஒரு முற்றுப்புள்ளி வைக்க. குருபரப்பள்ளியில் இன்னொன்று. அன்று ராத்திரியே வெளியிட்டேன்.

மறுநாள் காலை மாதேஸ்வரி கேட்டாள்.

"என்னாங்க, வெள்ளை மேல கருப்பு எடுப்பா இருக்குமா, கருநீலம் எடுப்பா இருக்குமா?"

"எதுக்கு?"

"பொடவைக்கு."

"கருப்பு. நீலம் கண்ண உறுத்தும்."

"ஹௌதா? சரி." எங்கள் ஊரில் 'அப்படியா' பாதி நேரம் கன்னடத்தில்தான் வரும்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"நாஷ்டா எங்க போவுது?"

"ஆறட்டும். நேத்து நாக்கு சுட்டுக்கிச்சுன்னீங்களே."

"அதுக்கு எதுக்குப் போனு?"

"மணி பாக்கறேன். ஒம்பது ஆயிடப்போவுது."

தோசை ஆறிப்போய் வந்தது. தின்றேன். ஒன்றும் உறைக்கவில்லை எனக்கு. தோசையைச் சொல்லவில்லை.

சாயங்காலம் தளத்தைத் திறந்தேன். வெள்ளைப் பின்னணி. கருப்பு எழுத்து. ஜன்னல் வெளிச்சத்தில் என் தோசை, ஓரம் முறுகி, உயிரோடு இருந்தது. வாக்கியங்கள் நிறுத்தம் நிறுத்தமாக நின்று போயின. பதினொன்றுக்குப் பதினொன்று. வாசகர் ஆறாயிரம்.

என் கோபம் என்னையே சுட்டது. இரண்டாவது பரிசோதனை எழுதினேன். இன்னும் நுணுக்கமாக. தலைப்புகள் ஒரே அளவில் இல்லை. வரிகளுக்கு நடுவே காற்று இல்லை. சிரிப்பு வரும் இடத்துக்கு முன்னாலேயே இவர் சிரித்துவிடுகிறார், வாசகனுக்கு மிச்சம் வைப்பதில்லை. மூன்றாவது கட்டமும் நிரப்பினேன்.

நாலு நாளில் அதெல்லாமும் சரியாகிவிட்டது. வாசகர் ஒன்பதாயிரம்.

இப்போதுதான் புத்தி வேலை செய்தது. யாரோ என் சீட்டைப் படித்து அவளுக்குச் சொல்கிறார்கள். அந்த அதியாவாகத்தான் இருக்கும். சரி. திருத்தம் கேட்கிறீர்களா? தருகிறேன். தப்பாகத் தருகிறேன்.

தட்டினேன். 'பின்னணி ஊதா ஆக்குக. எழுத்து இளம்பச்சை. தலைப்பு ஆடட்டும். பின்னால் நாதஸ்வரம் ஒலிக்கட்டும்.'

வெளியிடும் பொத்தான் மேல் விரலை வைத்தேன். விரல் இறங்கவில்லை.

கம்பெனியில் ஒரு தடவை லோடு அவசரம் என்று முதலாளியே வந்து நின்றார். கோளாறான அறுபது கியருக்குக் கையெழுத்துக் கேட்டார். போடவில்லை. பொய்ச் சீட்டில் இதுவரை என் பெயர் கிடையாது. பெண்டாட்டிக்காக அதைக் கெடுத்துக்கொள்வதா? அழித்தேன்.

பிறகு அவளுடைய புதுப் பதிவைத் திறந்தேன். நான் ரிட்டயர் ஆன நாளைப் பற்றியது. 'கடிகாரத்தோட வந்தாரு. யூனிபார்மைக் கழட்டல. ரெண்டாவது ஷிப்ட் சங்கு ஊதற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாரு. நான் காபி வச்சேன். டம்ளரு வட்டமா இல்லைன்னு ஒண்ணும் சொல்லல. அன்னிக்குத்தான் எனக்குப் பயமா போச்சி.'

இரண்டு தடவை படித்தேன். சீட்டை எடுத்தேன். குறை: இல்லை. காரணம்: இல்லை. திருத்தம்: இல்லை. எழுபத்தோராவது தளம். முடிவு என்ற இடத்தில் பாஸ் என்று எழுதினேன். வெளியிட்டுவிட்டு, கண்ணில் தூசு விழுந்ததால் போய் முகம் கழுவினேன்.

பரிசு நாள். பாகலூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். எவ்வளவுதான் பாஸ் போட்டாலும் ஒரு நப்பாசை. லால் பாஷா மைக்கைத் தட்டினார்.

"சிறந்த வலைப்பூ, 'எங்க வீட்டு இன்ஸ்பெக்டர்'. எழுதியவர் திருமதி மாதேஸ்வரி நாராயணப்பன்!"

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கூரை மின்விசிறியைப் பார்த்தேன். மூன்று இறக்கையில் ஒன்று வளைந்திருந்தது.

சால்வை என் மூக்குக்கு நேராகவே போனது. அவள் தோளில் உட்கார்ந்தது. இறங்கி வந்த லால் பாஷாவைப் பிடித்தேன்.

"பாய், என் தளத்துக்கு எத்தினி மார்க்கு?"

"எழுத்துக்கு நாப்பத்தெட்டு போட்டாங்க நாராயணப்பா. நல்ல மார்க்கு."

"வடிவமைப்புக்கு?"

"ஒம்போது."

"ஒம்போதா?"

"சாம்பல் கலர் மேல சாம்பல் கலர் எழுத்து. பூதக்கண்ணாடி வேணும்னாரு நடுவர். ஊருக்கெல்லாம் சொல்ற திருத்தத்துல ஒண்ணாச்சும் தன் ப்ளாக்ல செஞ்சிருக்கக் கூடாதான்னு கேட்டாரு. நான் என்னா சொல்லட்டும்?"

வீட்டுக்கு வந்தோம். அவள் சால்வையை மடித்து பீரோவில் வைத்தாள். நான் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, அன்னிக்கு அந்த டேப்லெட்டை மறந்தா வச்சிட்டுப் போன?"

"மறந்தா வைப்பாங்க, சரியா உங்க தட்டு வைக்கற எடத்துல?"

"என் ப்ளாக்கை நீ படிக்கறியா?"

"ரெண்டு வருஷமா. போன்ல ஒரு தடவை, டேப்லெட்ல ஒரு தடவை."

மூன்று வாசகரில் இரண்டு பேர் போனார்கள். மூன்றாவது யார் என்று கேட்கவில்லை. அது நானாக இருக்கலாம்.

"திருத்தம் வேணும்னா நேரா என்னாண்ட கேக்கறதுக்கு என்னா?"

"கேட்டனே. போன வருஷம் ஒரு பதிவை எடுத்தாந்து காட்டுனேன். பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காம 'நல்லாருக்குது'ன்னீங்க. பொண்டாட்டின்னா நல்லாருக்குது, அவ்ளோதான். எதிரியா இருந்தாத்தான் உக்காந்து பதினோரு திருத்தம் எழுதித் தர்றீங்க. அதான் எதிரியாயிட்டேன்."

இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அப்புறம் கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன்.

"இனிமே உன் ப்ளாக்கை நான் தொட மாட்டேன். சீட்டு கீட்டு ஒண்ணும் கெடையாது."

"வேணாங்க. நீங்களும் எவ்ளோதான் பாப்பீங்க?" அவள் கொண்டை முடிந்துகொண்டே சொன்னாள். "நானும் அடுத்து கன்னடத்துல எழுதலாம்னு இருக்கேன். பெங்களூர்ல ஒரு போட்டி வருது. எட்டாவது வரைக்கும் கன்னடத்துல படிச்சது சும்மாத்தானே கெடக்குது. அதுல தப்பு கண்டுபிடிக்க உங்களால ஆவாது. உங்களுக்குப் பேசத்தானே வரும், படிக்க வராதே."

"யாருக்கு வராது?" என்றேன்.

எட்டு நாளாகிறது. கன்னடத்தில் 'க' வரிசை எழுதிக்கொண்டிருக்கிறேன், டீச்சர் அவள்தான்.