புதன்கிழமை இருமல்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வரைக்கும் ஒரு இருமல்கூட வரவில்லை என்று உணர்ந்தபோது உஷ் சார் அவசரமாகத் தொண்டையைச் செருமிப் பார்த்தார்.

நூலகத்தின் வாசிப்பறைக்கு அவர்தான் பொறுப்பாளர். யாராவது பக்கத்தைக் கொஞ்சம் பலமாகப் புரட்டினால் போதும், ‘உஷ்!’ என்பார். அதனால் வந்த பெயர். அப்பேர்ப்பட்டவரைத்தான் நாலு மாதத்துக்கு முன் ஒரு வறட்டு இருமல் பிடித்து ஆட்டியது. அறை முழுக்க அவருடைய லொக் லொக் தவிர வேறு சத்தமே கிடையாது.

டாக்டர், “மருந்தோட சேர்த்து, சௌனாவுக்கும் தவறாம போய்ப் பாருங்க. சிலருக்கு மூச்சு லேசாகுதுன்னு சொல்றாங்க. ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க” என்றார். தலைமை நூலகர் மேடமும் புதன்தோறும் மதியத்துக்கு மேல் விடுப்புக் கொடுத்துவிட்டார்.

சௌனா என்பது வியர்க்க வியர்க்க உட்காருவதற்கென்றே மரப்பலகை அடித்த குட்டி அறை. மூலையில் பழுக்கக் காய்ந்த கற்கள். முதல் நாள் அவர் அவித்த கிழங்காக வீடு திரும்பினார். மூன்றாவது வாரம் அங்கேயே குடிபோய்விடலாமா என்று யோசித்தார். ஆறு நாளும் அடுத்தவர் வாயை அடைக்கிற மனுஷர், அங்கே துண்டோடு உட்கார்ந்து பக்கத்துப் பலகைக்காரர்களிடம் வாய் ஓயாமல் கதையளந்தார். அதைவிட வேறென்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு?

இப்போது பாழாய்ப்போன இருமல் நின்று தொலைத்துவிட்டது.

“மேடம்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?” என்றாள் மனைவி, சாயங்காலம்.

“சொன்னா புதன்கிழமை போயிடுமேடி!”

“அப்ப இருமித் தொலைங்க.”

மறுநாள் காலை வாசிப்பறையில் இருமினார். எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

தினமும் பேப்பர் படிக்க வரும் ரிட்டயரான பல் டாக்டர் தலையைத் தூக்கினார். “என்ன சார், இருமல் புது தினுசா இருக்கு?”

போச்சு, குட்டு உடைந்தது என்று பயந்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து இன்னும் நாலு இருமினார். அவ்வளவுதான், அறையே எழுந்து வந்தது. பல் டாக்டர் இருமல் மிட்டாயை நீட்டினார். பரீட்சைக்குப் படிக்கும் பெண் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றினாள். யாரோ தன் மஃப்ளரைக் கழற்றி அவர் கழுத்தில் சுற்றினார்கள்.

“எதை விட்டாலும் அந்த புதன்கிழமை ட்ரீட்மெண்டை மட்டும் விட்டுடாதீங்க சார்” என்றாள் அந்தப் பெண்.

உஷ் சாருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக இவர்களைப் போய் அதட்டினோமே! ஆனாலும் பழக்க தோஷம், வெந்நீர் ஊற்றிய சத்தத்துக்கு ஒரு ‘உஷ்’ போட்டார்.

மூன்று வாரம் விடாமல் பொய்யாக இருமியதில் தொண்டை நிஜமாகவே புண்ணாகிவிட்டது. குரல் அடியோடு போனது. ‘உஷ்’ என்று அட்டையில் எழுதி, மேசை மேசையாகத் தூக்கிக் காட்டவேண்டியதாயிற்று.

குரல் திரும்பிய அன்று மேடம் கூப்பிட்டனுப்பினார். “இவ்வளவு நாள் லீவுக்கு மேலிடத்துல சர்டிஃபிகேட் கேக்கறாங்க. நெஞ்சைப் பரிசோதிச்சு வாங்கிட்டு வரணுமாம். நான் என்ன பண்ணட்டும்?” என்றார். அவர் முகம் இவர் முகத்தைவிட வாடியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். பட்டும் படாமலும் ஊதவேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருந்தார்.

“என்ன சார், சூடான பாலை ஆத்தறீங்களா? நல்லா ஊதுங்க!” என்றாள் நர்ஸ்.

இரண்டாம் முறையும் சமாளித்தார். மூன்றாம் முறை அவள், “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!” என்று கத்தியதில் மனுஷர் தன்னை மறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் திரட்டி ஊதிவிட்டார். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது.

நர்ஸ் கைதட்டினாள். “இந்த வாரத்துல நீங்கதான் சார் ஃபர்ஸ்ட்!”

நுரையீரல் அபாரம், சிகிச்சை எதுவும் தேவையில்லை என்று சர்டிஃபிகேட்டில் எழுதியிருந்தது. அதை மேடத்திடம் நீட்டினார். மேடம் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இதை வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“இல்ல மேடம்.”

மேடம் அதை நாலாக மடித்து, அடி டிராயரில் வைத்துப் பூட்டினார். “மெஷின் சொல்றதை அப்படியே நம்பிட முடியுமா? நெஞ்சு சமாச்சாரம். மேலிடத்துக்கு நான் பதில் எழுதிக்கறேன். நீங்க பாட்டுக்குப் போய்ட்டு வாங்க.”

உஷ் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்துக்கொள்வாளா!

அந்தப் புதன்கிழமை சௌனாவில் அவருக்குப் பேச்சே ஓடவில்லை. பக்கத்துப் பலகைக்காரர், “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். உடம்பு நன்றாக இருப்பதுதான் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது? இப்படிப்பட்ட நல்லவர்களைப் போய் ஏமாற்றுகிறோமே என்று மனசு குத்தியது. பாதியில் எழுந்தார். தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் நூலகத்துக்கு ஓடினார். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினார். மூச்சு கொஞ்சமும் வாங்கவில்லை.

வாசிப்பறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரே அமர்க்களம். யாரோ மேசையில் தாளம் போட்டார்கள். பல் டாக்டர் பாடிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே மேடத்தின் சிரிப்புச் சத்தம். கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி, இவரைக் கண்டதும் பேயைக் கண்டவர் போல் எழுந்தார்.

“என்னய்யா கூத்து இது? சரி, அது கிடக்கட்டும், வழி விடுங்க. நான் மேடம்கிட்ட உண்மையைச் சொல்லியாகணும். எனக்கு இருமலே இல்ல! இனிமே எனக்குப் புதன்கிழமை லீவே வேண்டாம்!”

காவலாளி பதறிப்போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ சார், அப்படி மட்டும் சொல்லிடாதீங்க! உங்க இருமல் நின்னது அன்னிக்கே எங்க எல்லாருக்கும் தெரியும். வாரத்துல இந்த ஒரு மதியம்தான் சார் நாங்க உள்ள வாயைத் தொறந்து பேசறோம்!”