பெண்ணின் அப்பாவை வெட்டிய விளக்கம்

வேலையைச் செய்யாமல், அந்த வேலையை எப்படிச் செய்வது என்று எழுதியே காலம் தள்ளிய மனிதன் புதுச்சேரி மாநிலத்திலேயே ஒருவன்தான் உண்டு. அவன் என்னிடம் சம்பளம் வாங்கினான்.

வில்லியனூரில் நான் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எடிட்டிங் செய்யத்தான் அவனைச் சேர்த்தேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ‘விளக்கம்’ என்று கூப்பிட்டால்தான் திரும்புவான். சேர்ந்த வாரமே கதவில் ஒரு தாளை ஒட்டினான். ‘தள்ளவும். இழுத்தால் திறக்காது. தள்ளியும் திறக்காவிட்டால் பூட்டியிருக்கிறது என்று பொருள்.’ ஃபேன் சுவிட்சுக்கு அரைப் பக்கம். தண்ணீர் கேனுக்குப் படத்தோடு ஒரு பக்கம். யாரும் படிக்கவில்லை. வருகிறவர்கள் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, “கதவு இன்னாச்சுண்ணே?” என்று என்னைத்தான் கேட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் ஏஐ ஏஜெண்ட் வந்து சேர்ந்தது. எடிட்டிங் சாஃப்ட்வேரோடு அதை இணைத்துவிட்டால், நாம் சொல்வதைக் கேட்டு அதுவே வெட்டும், ஒட்டும், பாட்டுச் சேர்க்கும். ஆனால் வெட்ட ஒரு கருவி, ஒட்ட ஒரு கருவி என்று உள்ளே நிறைய உண்டு. எதை எதற்கு, எப்போது எடுக்க வேண்டும் என்று யாராவது எழுதிவைக்க வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் ஏஜெண்ட் வேலையில் கைவைக்கும்.

“எழுதனா அது படிக்குமாண்ணே?” என்றான் விளக்கம்.

“படிக்குமாம்.”

“முழுசா?”

“முழுசாத்தான்.”

அவன் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து தேடிய வாசகன் கிடைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தையும் அவன் தொடவில்லை. முதுகு வலிக்க எல்லாவற்றையும் நான் வெட்டினேன், விளக்கம் துரை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கும் கருவிக்கு எழுதியதில் நாதஸ்வரத்துக்கே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்.

“சத்தத்த கொறைக்கும்னு எழுதனா பத்தாதாடா?”

“எந்தச் சத்தம், ஏன் கொறைக்கணும்னு அதுக்குத் தெரிய வேணாமா? பாவம், அது ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லண்ணே.”

பிறகு பாகூரில் ஒரு கல்யாணம். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். மாப்பிள்ளைக்கு பிரான்சில் வேலை. பெண்ணும் அந்த வாரமே கிளம்புகிறாள். வீடியோவை விளக்கம் தன் ஏஜெண்டிடம் ஒப்படைத்தான். நான் பார்ப்பதற்குள் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தும் விட்டான்.

மறுநாள் சாயங்காலம் பெண்ணின் அப்பா வந்தார். சண்டைக்கு வந்த மாதிரித் தெரியவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“வூட்ல எல்லாரும் ஒக்காந்து பார்த்தோம் சார். ஊரே இருக்குது, நான் மட்டும் இல்ல. எம்பொண்ணு கல்யாணத்துக்கு நான் வரலியா?” என்றார். “நாளான்னிக்கு அவ கெளம்புறா. இதத்தான் எடுத்துனு போவா.”

போட்டுப் பார்த்தேன். உண்மைதான். தாரை வார்க்கும் இடத்தில் அவர் கை இருந்தது, ஆள் இல்லை. வெட்டும் கருவிக்கு விளக்கம் என்ன எழுதியிருக்கிறான் என்று தேடினேன். ‘முகத்தில் மலர்ச்சி இல்லாதவர்கள் வரும் காட்சிகள் வீண். அவற்றை இதைக் கொண்டு நீக்குக.’ மனிதர் கல்யாணம் முழுக்க முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஏஜெண்ட் எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படிந்திருக்கிறது.

“நீ எழுதனத நீயே படிச்சியாடா?”

“வெளக்கத்துல தப்பு இல்லண்ணே. அவுரு கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்.”

இந்தத் தொழிலில் நான் பார்க்காத மடையன் இல்லை. ஆனால் பெண்ணைப் பெற்றவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல ஒருவனால்தான் முடியும். கையை ஓங்கிவிட்டேன். அவர்தான் தடுத்தார்.

“வுடுங்க சார். சிரிச்சிருக்கலாந்தான். வரல.”

விளக்கம் எழுந்துபோய் ஏஜெண்டை மூடினான். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எடுத்த வீடியோ முழுவதையும் முதலிலிருந்து ஓட்டி, தன் கையால் வெட்ட ஆரம்பித்தான். எடிட்டிங்கில் அவன் எவ்வளவு மோசம் என்பது அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. மாட்டு வண்டிகூட அவனை முந்திவிடும். ஆனால் அவர் வருகிற ஓர் இடத்தையும் அவன் விடவில்லை. பந்திக்குப் பின்னால், அண்டாக்களுக்கு நடுவே அவர் தனியாக நின்று துண்டால் முகத்தைத் துடைக்கிறார். கேமராவைக் கண்டதும் திரும்பிக்கொள்கிறார்.

“இது வேணாம் தம்பி.”

“இதான் வேணும்,” என்றான் விளக்கம். அதற்குமேல் ஒரு வார்த்தை விளக்கவில்லை.

பெண் அந்த வீடியோவைத்தான் கொண்டுபோனாள். பிரான்சிலிருந்து பேசும்போதெல்லாம் அண்டா இடத்தைச் சொல்லி அழுகிறாள் என்று பிறகு அவர் போனில் சொன்னார். விளக்கம் கருவியின் குறிப்பைத் திருத்தினான். ‘பெண்ணைப் பெற்றவர் சிரிக்கமாட்டார். அவரை வெட்டாதே.’ அவன் எழுதியதிலேயே சின்னது அதுதான்.

அடுத்த சில மாதங்களில் சென்னையில் ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. ஏஜெண்டுகள் படிப்பதற்கென்றே நாள் முழுக்க எழுத வேண்டுமாம். இதற்கும் ஆள் எடுக்கிறார்கள் என்றால் உலகத்தைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? இப்போது ஸ்டூடியோவில் வேலை ஒழுங்காக நடக்கிறது. புதிதாக வந்த எடிட்டர் வாயே திறப்பதில்லை. கை மட்டும்தான் ஓடுகிறது.

வருகிற தையில் என் பெண்ணுக்குக் கல்யாணம். அந்த எடிட்டர் இங்கேயே இருக்கிறான், கெட்டிக்காரன். வீடியோவுக்கு நான் விளக்கத்தைத்தான் வரச் சொல்லியிருக்கிறேன்.