ஆறு மணிக்கு நாவல் சாறு

கள்ளக்குறிச்சி,
ஆடி 27.

மதிப்பிற்குரிய சம்பந்தி பொன்னுரங்கம் அவர்களுக்கு, தனசேகரன் வணக்கம். இங்கு நானும் தங்கள் மாப்பிள்ளை இளமாறனும் நலம். எலவனாசூர்கோட்டையில் தாங்களும், சம்பந்தி அம்மாளும், என் மருமகள் சுபஸ்ரீயும், பேத்தி அபிநயாவும் நலமாக இருப்பீர்கள் என்றும், கரும்புக்கு இந்த மழை போதுமானதாக இருக்கும் என்றும் நம்புகிறேன்.

நிற்க. சென்ற ஆனி மாதம் பதினாறாம் தேதி, பிற்பகல் மூன்று மணிக்கு, நாவல் பழத்தைச் சாறு பிழிந்து பாட்டிலில் அடைப்பது என்று முடிவெடுத்தேன். முப்பத்தாறு ஆண்டு அரசுப் பணியிலும் ஐந்தாண்டு ஓய்விலும், மேலிடத்தின் பார்வைக்கு வைக்காமல் நானே எடுத்த முதல் முடிவு இது. அன்று இரவு உணவு சரியாக இறங்கவில்லை.

காரணம் தாங்கள் அறியாததல்ல. குடியை நிறுத்த வைக்கும் மையத்தில் நாற்பத்தைந்து நாள் இருந்துவிட்டு வைகாசியில் வீடு திரும்பிய இளமாறன், பகலெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தான். டயர் கடைக்குப் போனான், வந்தான். மாலை ஆறு மணிதான் அவனுக்கு ஆகாத நேரம். ஆறு அடித்தால் கை சும்மா இருக்காது. தாழ்ப்பாளைப் போடுவான், எடுப்பான். ஃபேனை நிறுத்துவான், போடுவான். அந்தக் கையில் ஏதாவது ஒரு டம்ளரைக் கொடுத்து வையுங்கள் என்று மையத்தில் மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். மோர் கொடுத்தேன், மோர் சோற்றுக்குத்தான் என்றான். எலுமிச்சைச் சாறு கொடுத்தேன். நான் என்ன காய்ச்சல்காரனா என்றான். அவன் அம்மா இருந்திருந்தால் இதெல்லாம் அவளுடைய பிரிவில் வந்திருக்கும். இப்போது எல்லாப் பிரிவும் என்னிடம் இருப்பதால், நாவல் என்று முடிவு செய்தேன்.

பழத்துக்காக நானே வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறினேன். சந்தையில் பச்சையம்மாள் என்ற அம்மாளிடம் மூன்று கூடை வாங்கினேன். சாறு பிழியப் போகிறேன் என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாற்றை நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும், பாட்டிலையும் வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும், சூடு ஆறுவதற்குள் ஊற்றி மூட வேண்டும் என்றார். அனைத்தையும் குறித்துக்கொண்டேன். வழியில் மலைப்பாதை வளைவுகளில் ஒரு கூடை சாய்ந்து, கண்டக்டரின் காக்கிச் சட்டை கத்திரிப்பூ நிறமாகி, அவர் கள்ளக்குறிச்சி வரை என்னை மட்டும் நிற்க வைத்துக் கூட்டிவந்தது தனிக்கதை.

வீட்டுக்கு வந்து ஆலோசித்ததில், பச்சையம்மாளின் யோசனை ஏற்கத்தக்கதல்ல என்று பட்டது. கொதிக்க வைத்தால் சத்து போய்விடும். என் மகனுக்கு வேண்டியது சத்து. நம் வீடுகளில் எலுமிச்சை ஊறுகாயை யாராவது கொதிக்க வைக்கிறார்களா? ஜாடியில் போட்டு, வாயில் துணி கட்டி, வெயிலில் வைக்கிறோம், ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. அந்த முறையையே கைக்கொண்டேன். கொட்டை நீக்கி, கையால் பிசைந்து, வேட்டியில் வடிகட்டி, தாராளமாக வெல்லம் சேர்த்து, ஜாடிகளில் ஊற்றி, மொட்டை மாடியில் எட்டு நாள் வெயில் காட்டினேன். மூன்றாம் நாள் நுரை கட்டிப் பொங்கியது. பொங்குவதை நம்மவர்கள் நல்ல சகுனமாகத்தானே கொள்கிறோம். வாசனை எப்படி என்று கேட்காதீர்கள். அந்தக் கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு வேலை செய்வதில்லை. வைத்த ரசமும் ஊசிய ரசமும் எனக்கு ஒன்றுதான்.

பாட்டில் விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய பேப்பர் கடையில் மூட்டை மூட்டையாக பிராந்தி பாட்டில்தான் இருந்தது. அந்தப் பாட்டில் ஒன்றுகூட என் வாசலைத் தாண்டக் கூடாது என்று உறுதியாக இருந்து, இரண்டு நாள் அலைந்து, தேன் பாட்டிலும் தக்காளி சாஸ் பாட்டிலுமாக, நல்ல குடும்பத்துப் பாட்டில்கள் முப்பத்தெட்டு சேகரித்தேன். அடைத்த மறுவாரம் இரண்டு பாட்டில்கள் தாமாகவே வெடித்தன. மலைப் பழத்தின் வீரியம் என்று மற்றவற்றின் மூடிகளைச் சணல் கயிற்றால் கட்டினேன்.

ஆடி முதல் தேதி, ஆறு மணிக்கு, முதல் டம்ளரை அவனிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்தான். விழுங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லா இல்லியாடா என்றேன். விழுங்கினான்.

"நல்லாத்தாம்ப்பா கீது. இன்னொரு டம்ளரு ஊத்து."

சம்பந்தி, அன்றிலிருந்து அவன் வேறு ஆள். ஐந்தேமுக்காலுக்கெல்லாம் வீட்டில் இருக்கிறான். தாழ்ப்பாள் நிம்மதியாக இருக்கிறது. சாப்பிடுகிறான், சிரிக்கிறான். ஒரு நாள் அபிநயாவின் போட்டோவின் முன் நின்று விசும்பி விசும்பி அழுதான். தகப்பன் பாசம் திரும்பிவிட்டது என்று எனக்கும் கண் கலங்கியது. காலையில் எழுந்திருக்கத்தான் தாமதமாகிறது; கடைக்குச் சில நாள் போகவில்லை. உடம்பு தேறும்போது தூக்கம் கேட்கத்தானே செய்யும். சாக்கடைத் தகராறில் மூன்று ஆண்டாக என்னிடம் முகம் கொடுக்காத எதிர்வீட்டு வீரமணிகூட, சர்க்கரைக்கு நல்லது என்று, தன் சொந்த டம்ளரோடு தினமும் வந்துவிடுகிறார். நான் மட்டும் ஒரு சொட்டும் தொடவில்லை. எல்லாம் அவனுக்காகச் செய்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஆவணி முதல் ஞாயிறு நல்ல நாள். சுபஸ்ரீயையும் குழந்தையையும் அன்று அனுப்பி வைக்க வேண்டும். அவள் ஆடிக்குத் தாய்வீடு போயிருப்பதாகத்தான் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் போனது மாசியில் என்பது தெருவுக்கும் தெரியும். இருந்தாலும் ஆடி முடிந்தபின் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. அவன் ஒரு மாதம் ஒழுங்காக இருந்து காட்டினால் வருகிறேன் என்று அவள் சொன்னதாகத் தாங்கள் எழுதியிருந்தீர்கள். காட்டிவிட்டான். தினமும் சட்டைப்பையைச் சோதிக்கிறேன், வண்டிப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். இந்த ஒரு மாதமாக என் மகன், நான் என் கையால் ஊற்றிக் கொடுத்ததைத் தவிர வேறெதையும் குடிக்கவில்லை. இதை எங்கே கேட்டாலும் எழுத்தில் தருகிறேன்.

பேத்தியின் தலையில் எனக்காக ஒருமுறை கை வைத்து, தீர்க்காயுசாக இருக்கச் சொல்லுங்கள். சம்பந்தி அம்மாளுக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
மு. தனசேகரன்,
தலைமை எழுத்தர் (ஓய்வு).

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வீரமணியின் மனைவி ஜெயம்மாள் வந்தார். ஒரு பாட்டிலைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார். "இன்னாண்ணே, ஒரு மாசமா எங்க வூட்டுக்காரரு உங்க வூட்ல சாறு குடிச்சேன்னு சொல்லிக்கினு செவுத்தப் புடிச்சிக்கினு வர்றாரு. இதுவா சாறு? பழத்தையும் வெல்லத்தையும் ஊற வெச்சா இன்னா ஆவும்னு இந்த ஊர்ல கொழந்தைக்குக்கூடத் தெரியுமே" என்றார். வாழ்நாளில் முதல்முறையாக அரை டம்ளர் குடித்தேன். சிறிது நேரத்தில் காது சூடாகி, உட்கார வேண்டியதாயிற்று.

உள்ளே படுத்திருந்தவனை எழுப்பிக் கேட்டேன்.

"மொத நாளே தெரியும்ப்பா."

ஏன்டா சொல்லவில்லை என்றேன்.

"சொல்லலாம்னுதான் பாத்தேன். நீ டம்ளரப் புடிச்சிக்கினு நின்ன. எனக்குன்னு ஒன்னு செஞ்சி எடுத்தாந்து நீ நின்னதே இல்லியே. ரெண்டாவது நாளு சொல்ல முடியல."

எழுதிய குறிப்பைக் கிழிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஆகவே மேலே உள்ளதை அப்படியே விட்டு, இதைச் சேர்த்து அனுப்புகிறேன். மீதியிருந்த ஒன்பது பாட்டில்களையும் தென்னைக்கு ஊற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சுபஸ்ரீயையும் குழந்தையையும் அனுப்ப வேண்டாம். மையத்தில் திங்கட்கிழமை ஒரு கட்டில் காலியாகிறது. இந்த முறை தொண்ணூறு நாள்.